பேராசிரியர் சங்கமும் நிர்வாகமும்: அந்தப் பேச்சுவார்த்தையில் என்னதான் பேசுகிறார்கள்?

2024 ஜனவரி 22 அன்று கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 23 வளாகங்களிலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஐந்து நாள் நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள், ஆனால் அன்று இரவே உடன்பாடு வந்துவிட்டது. சங்கம் கேட்டது 12% சம்பள உயர்வு. நிர்வாகம் தருவதாகச் சொன்னது 5%. முடிவானது, முன்தேதியிட்டு ஒரு 5%, அடுத்த ஜூலையில், மாநில அரசின் நிதி குறையாமல் இருந்தால், இன்னொரு 5%. செய்திகளில் இந்த எண்கள்தான் பெரிதாக வந்தன. அதே உடன்பாட்டில் குழந்தை பிறந்தால் கிடைக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆறு வாரத்திலிருந்து பத்து வாரமானது. மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளம் உயர்ந்தது. வளாகக் காவல்துறை ஒரு ஆசிரியரை விசாரித்தால் சங்கப் பிரதிநிதி உடனிருக்க வழி வந்தது. இவற்றைப் படித்தவர்கள் குறைவு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்கலைக்கழக வேலைநிறுத்தச் செய்தி வரும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கே படிக்கிற மாணவருக்கும், ஆசிரியர் வேலைக்குப் போகிறவருக்கும் அது போதாது. ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் நூறு பக்கத்தைத் தாண்டும் ஆவணம், அதில் சம்பள உயர்வு ஒரு ஷரத்துதான். மற்ற ஷரத்துகளில்தான் ஒரு ஆசிரியரின் அன்றாட வாழ்க்கை இருக்கிறது.

மேசையின் இரு பக்கம்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாரும் பேராசிரியர்கள். உள்ளே போனால் பல அடுக்குகள். மேலே, டென்யூர் எனப்படும் நிரந்தரப் பணிப் பாதுகாப்பு பெற்றவர்களும் அதை நோக்கிப் போகிறவர்களும். அடுத்து, ஒன்றிரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் முழுநேரம் கற்பிக்கும் விரிவுரையாளர்கள். அதற்கும் கீழே, ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கி, அடுத்த பருவத்தில் வகுப்பு கிடைக்குமா என்பதே தெரியாமல் இருக்கும் அட்ஜங்க்ட் ஆசிரியர்கள். பாடம் நடத்தியும் விடைத்தாள் திருத்தியும் வேலை செய்யும் ஆய்வு மாணவர்கள் இன்னொரு கூட்டம். இவர்களில் யார் யார் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. சில இடங்களில் எல்லாரும் ஒரே சங்கம், சில இடங்களில் தனித்தனி.

தனியார் பல்கலைக்கழகமா, அரசுப் பல்கலைக்கழகமா என்பதும் முக்கியம். தனியார் நிறுவனங்களுக்கு 1935-ல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பொருந்தும். ஆனால் 1980-ல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. அங்குள்ள முழுநேரப் பேராசிரியர்களே பாடத்திட்டத்தையும் மாணவர் சேர்க்கையையும் மற்ற கல்வி விஷயங்களையும் தீர்மானிக்கிறார்கள், ஆகவே அவர்கள் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள், அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்பதே தீர்ப்பு. தனியார் பல்கலைக்கழகங்களில் முழுநேரப் பேராசிரியர் சங்கங்கள் அரிதாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். பகுதிநேர ஆசிரியர்களுக்கு அந்த அதிகாரம் இல்லாததால் அவர்கள் சங்கம் வைக்கலாம். நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்ற தனியார் பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அப்படிப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள்தான். அரசுப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. அங்கே மாநிலச் சட்டம்தான் எல்லாம், அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

எதிர்ப்பக்கத்தில் பல்கலைக்கழகத் தலைவர் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். பொதுவாக அங்கே இருப்பவர்கள் தொழிலாளர் உறவு அலுவலர்கள், ஒரு வழக்கறிஞர், ஓரிரு டீன்கள். அவர்களுக்குப் பின்னால் பல்கலைக்கழகத்தின் உயர் நிர்வாக அமைப்பான அறங்காவலர் குழு, அதற்கும் பின்னால், அரசுப் பல்கலைக்கழகமானால், நிதி தரும் மாநில அரசு. மேசையில் இருப்பவருக்கு எதுவரை ஒப்புக்கொள்ள அதிகாரம் இருக்கிறது என்பது சங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் தபால்காரரிடம் பேசிக்கொண்டிருப்பது போலாகிவிடும்.

பணம் பற்றிய ஷரத்தை எப்படிப் படிப்பது

சதவீதம் எவ்வளவு என்று கேட்பதோடு, அது எப்போது வருகிறது என்றும் கேட்க வேண்டும். 80,000 டாலர் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு 3, 3, 3 சதவீதம் என்று ஒரு திட்டம். 1, 2, 6 என்று இன்னொரு திட்டம். கூட்டினால் இரண்டும் ஒன்பதுதான். முதலாவதில் மூன்று ஆண்டில் கையில் வருவது சுமார் 2,54,690 டாலர். இரண்டாவதில் சுமார் 2,50,577. உயர்வைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளியதாலேயே 4,113 டாலர் போய்விடுகிறது. விலைவாசி ஆண்டுக்கு 4% ஏறினால், முதல் திட்டத்தில்கூட மூன்றாம் ஆண்டு முடிவில் சம்பளம் விலைவாசிக்குப் பின்னால்தான் நிற்கும்.

இன்னொன்று, எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்பது நியாயமாகத் தெரிந்தாலும் இடைவெளியை அது அதிகமாக்கும். ஆண்டுக்கு 1,50,000 டாலர் வாங்குபவருக்கு 3% என்றால் 4,500 டாலர். ஒரு பாடத்துக்கு 4,000 டாலர் வாங்கும் அட்ஜங்க்டுக்கு அதே 3%, பாடத்துக்கு 120 டாலர். இதனால்தான் கீழ்த்தட்டில் இருப்பவர்களுக்குத் தனி உயர்வு கேட்கிறார்கள். 2023-ல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சம் 14% என்று முடிவானபோது, பகுதிநேர விரிவுரையாளர்களின் ஊதிய விகிதம் நான்கு ஆண்டில் ஏறத்தாழ 44% உயர்வதாக முடிவானது. மேல்தட்டில் இருந்தவர்கள் கீழ்த்தட்டுக்காகவும் சேர்ந்து நின்றதால் வந்தது அது. சங்க வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதில்லை, அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

மருத்துவக் காப்பீட்டுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்பதும் பணம்தான். சம்பளத்தில் 3% கொடுத்து, காப்பீட்டுப் பிடித்தத்தை அதற்கு மேல் ஏற்றினால் கையில் வருவது குறையும். எந்தச் சம்பள உயர்வையும் இதோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பணம் அல்லாத ஷரத்துகள்

என்னைக் கேட்டால் ஒரு ஒப்பந்தம் நல்லதா என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும்.

முதலில் பணிப் பாதுகாப்பு. பத்து ஆண்டு பாடம் நடத்திய அட்ஜங்க்ட் ஒருவருக்கு அடுத்த பருவம் வகுப்பு தராமல் விட்டால், ஷரத்து இல்லாத இடத்தில் யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவரைப் பணிநீக்கம் செய்ததாகக்கூடக் கணக்கில் வராது. மின்னஞ்சல் வரவில்லை, அவ்வளவுதான். பணிமூப்புப்படி வகுப்பு ஒதுக்க வேண்டும், இத்தனை பருவம் முடித்தவருக்கு ஓராண்டு அல்லது ஈராண்டு நியமனம் தர வேண்டும், கடைசி நேரத்தில் வகுப்பை ரத்து செய்தால் இழப்பீடு தர வேண்டும் என்ற மாதிரியான ஷரத்துகள் இதை மாற்றுகின்றன. அடுத்த பருவ வேலை பற்றிய பயத்தோடு பாடம் நடத்துபவர் கடினமான மதிப்பெண் போடத் தயங்குவார், சர்ச்சைக்குரிய நூலைப் பாடமாக வைக்கத் தயங்குவார். அதன் பாதிப்பு நேராக மாணவருக்குத்தான்.

கல்விச் சுதந்திரமும் இதோடு ஒட்டியது. 1915-ல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், 1940-ல் கல்விச் சுதந்திரம், டென்யூர் பற்றி ஒரு கொள்கை அறிக்கையை வேறொரு கல்லூரி அமைப்போடு சேர்ந்து வெளியிட்டது. இன்றும் எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். ஆனால் கொள்கை அறிக்கை ஒரு தார்மீகத் துணை மட்டுமே. அதன் வாசகங்களை ஒப்பந்தத்தில் ஷரத்தாகச் சேர்த்துவிட்டால், மீறல் நடக்கும்போது வெளி நடுவரிடம் போகலாம், அவர் தரும் தீர்ப்பு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும்.

பிறகு வேலைப்பளு. பருவத்துக்கு எத்தனை பாடம், ஒரு வகுப்பில் எத்தனை மாணவர், ஆய்வுக்கும் குழுக் கூட்டங்களுக்கும் எவ்வளவு நேரம் என்பது. வகுப்பில் 30 மாணவர் இருப்பதும் 60 இருப்பதும் ஆசிரியருக்கு வேறு வேறு வேலை, ஆனால் சம்பளப் பட்டியலில் அது தெரியாது. காணொளியாகப் பதிவு செய்த பாடங்கள் யாருக்குச் சொந்தம், ஆசிரியர் விலகிய பின்னும் பல்கலைக்கழகம் அவற்றை ஓட்டலாமா என்ற கேள்விகளும் பேச்சில் வருகின்றன.

பாடத்திட்டம், பட்டப் படிப்பின் விதிகள் போன்றவை பொதுவாகச் சங்கத்தின் கையில் இல்லை. அவை ஆசிரியர் செனட்டின், அதாவது கல்வி விஷயங்களுக்கான ஆசிரியர் பிரதிநிதிகள் மன்றத்தின், வேலை. சங்கம் பேசுவது பணி நிபந்தனைகளை. எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருக்காது. வகுப்பின் அளவு கல்விக் கொள்கையா, பணி நிபந்தனையா? இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமானதைச் சொல்லும்.

பேச்சு எப்படி நகர்கிறது

பேச்சு தொடங்குவதற்கு மாதங்களுக்கு முன்பே சங்கம் உறுப்பினர்களிடம் கருத்து சேகரித்துக் கோரிக்கைகளைத் தயாரிக்கும். அப்புறம் இரு தரப்பும் ஒவ்வொரு ஷரத்துக்கும் தங்கள் வரைவைக் கொடுக்கும். பழைய வாசகத்தில் நீக்க வேண்டியதை அடித்துக் காட்டி, சேர்க்க வேண்டியதை அடிக்கோடிட்டுக் காட்டுவார்கள். ஒரு ஷரத்தில் ஒத்துப்போனால் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். எளியவை முதலில் முடியும். பணமும் பணிப் பாதுகாப்பும் கடைசிவரை இழுக்கும். கடைசி வாரங்களில் "இதை ஏற்றால் அதை விட்டுத் தருகிறோம்" என்று பல ஷரத்துகளை மொத்தமாகக் கட்டிப் பேசுவார்கள். நடுவில் ஒரு தரப்பு தனி அறைக்குப் போய்த் தங்களுக்குள் கலந்து பேசும். ஒரு நாள் அமர்வில் மேசையில் பேசும் நேரத்தைவிடத் தனியறையில் கழியும் நேரம் அதிகமாக இருப்பது சாதாரணம்.

பேச்சை உறுப்பினர்கள் வந்து பார்க்கலாமா என்பதிலேயே சண்டை வரும். திறந்த பேச்சுவார்த்தை என்று சில சங்கங்கள் எல்லா உறுப்பினர்களையும் அழைக்கின்றன. கதவு மூடியிருந்தால்தான் மனம்விட்டுப் பேச முடியும் என்று நிர்வாகம் சொல்லும். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் தன் சம்பளத்தையும் வேலையையும் பற்றிப் பேசுவதை உறுப்பினர் நேரில் பார்ப்பதுதான் சங்கத்துக்கு வலு என்று நான் நம்புகிறேன். பார்த்தவர்கள்தான் பின்னால் வாக்களிக்கவும் மறியலில் நிற்கவும் வருகிறார்கள்.

சட்டம் இரு தரப்பிடமும் நல்லெண்ணத்துடன் பேரம் பேசச் சொல்கிறது. ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும், எதிர்த்தரப்பு கேட்கும் பொருத்தமான தகவலைத் தர வேண்டும், ஏமாற்றக் கூடாது. மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகம் ஒரு பாடம். 2016-ல் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது சம்பள உயர்வை நிறுத்தச் சொல்லி மாகாண அரசு பல்கலைக்கழகத்துக்கு அறிவுறுத்தியது. நிர்வாகம் இதைச் சங்கத்திடம் உடனே சொல்லவில்லை. மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. 2018-ல் மாகாணத் தொழிலாளர் வாரியம், மறைத்தது முறைகேடு என்று சொல்லி, மன்னிப்புக் கேட்கவும் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

ஒப்பந்தம் காலாவதியானால்?

பெரும்பாலும் வானம் இடிந்து விழாது. புதியது வரும்வரை பழைய நிபந்தனைகளே தொடரும். நியூயார்க்கில் 1982-ல் வந்த டிரைபரோ திருத்தம் அரசு ஊழியர்களுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கியது. ஆனால் பழைய சம்பளத்திலேயே மாதங்கள் ஓடுவதால், தாமதம் பொதுவாக நிர்வாகத்துக்கு லாபம். அதனால்தான் உயர்வு முன்தேதியிட்டு வருமா, நிலுவைத் தொகை கிடைக்குமா என்பது கடைசி நேரத்தில் பெரிய விஷயமாகிறது. ரட்கர்ஸில் பழைய ஒப்பந்தம் 2022 ஜூன் முடிவில் காலாவதியானது. உடன்பாடு வந்தது அடுத்த ஆண்டு ஏப்ரலில்.

பேச்சு முட்டுக்கட்டையில் நின்றால் பல மாநிலங்களில் சட்டம் சில படிகளை வைத்திருக்கிறது. முதலில் சமரசர் வருவார். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், இரு அறைகளுக்கும் நடந்து நடந்து இடைவெளியைக் குறைக்கப் பார்ப்பார். அது பலிக்காவிட்டால் உண்மை அறிபவர் ஒருவர் இரு தரப்புக் கணக்குகளையும் பார்த்துப் பரிந்துரை எழுதுவார். தொடக்கத்தில் சொன்ன கலிபோர்னியாப் பேச்சில் அந்தப் பரிந்துரை 7%. நிர்வாகம் அதை ஏற்காமல் 5 சதவீதத்தைத் தானே அமல்படுத்துவதாக அறிவித்தது. எல்லாப் படிகளும் முடிந்தபின் நிர்வாகம் தன் கடைசி நிபந்தனைகளை இப்படித் தானாக அமல்படுத்தச் சில மாநிலங்களில் சட்டம் இடம் தருகிறது. வேலைநிறுத்தங்கள் பல இந்த இடத்தில்தான் வெடிக்கின்றன.

ஓஹியோவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2019 ஜனவரியில் அதுதான் நடந்தது. அறங்காவலர் குழு நிபந்தனைகளைத் திணித்தது, ஆசிரியர்கள் 20 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய பிரச்சினை மருத்துவக் காப்பீடு. கடைசியில் பல்கலைக்கழகத்தின் பொதுக் காப்பீட்டுத் திட்டத்தை ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் இனிமேலும் காப்பீட்டைப் பற்றிப் பேரம் பேசும் உரிமையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பணக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு இது தோல்வி போலத் தெரியலாம். பேசும் உரிமை போயிருந்தால் அடுத்த முறை மேசைக்கே அந்த விஷயம் வந்திருக்காது.

வேலைநிறுத்தம்

வேலைநிறுத்தம் செய்யலாமா என்பதே இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவில் முடியும். நியூயார்க்கில் 1967-ன் டெய்லர் சட்டம் அரசு ஊழியர்களைத் தடுக்கிறது. மீறினால் வேலை செய்யாத நாளின் சம்பளத்தோடு இன்னொரு நாள் சம்பளமும் பிடிக்கப்படும். ஓஹியோவில் ரைட் ஸ்டேட் ஆசிரியர்கள் சட்டப்படி செய்த அதே வேலைநிறுத்தத்தை 2025-ல் வந்த புதிய சட்டம் அரசுப் பல்கலைக்கழக முழுநேர ஆசிரியர்களுக்குத் தடை செய்துவிட்டது. பணி மதிப்பீடு, ஆட்குறைப்பு போன்றவற்றையும் பேச்சுக்கு வெளியே தள்ளிவிட்டது. ஒப்பந்தத்தில் ஷரத்து ஷரத்தாகச் சேர்த்த உரிமையைச் சட்டமன்றம் ஒரே நாளில் எடுத்துவிட முடியும் என்பது இதில் கவலை தரும் விஷயம்.

வேலைநிறுத்த வாக்கெடுப்பு வேறு, வேலைநிறுத்தம் வேறு. தேவைப்பட்டால் அழைப்பு விடுக்கும் அதிகாரத்தைப் பேச்சுக் குழுவுக்குத் தருவது முதலாவது. பெரும் ஆதரவோடு அது நிறைவேறினாலே சில நேரம் மேசையில் காற்று மாறும். நடந்தால் செலவு பெரிது. சம்பளம் நிற்கும். நியூ ஸ்கூலில் நிர்வாகம் நடுவிலேயே சம்பளத்தை நிறுத்தியது. மாணவர்களுக்குப் பருவம் தள்ளிப்போகும். டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 2018-ல் ஒப்பந்த ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் தொடங்கிய வேலைநிறுத்தம் 143 நாள் நீண்டது. ஒன்டாரியோ மாகாணம் சட்டம் போட்டுத்தான் அதை முடித்தது. ரட்கர்ஸ் ஆசிரியர்கள் 2023 ஏப்ரலில் இறங்கியபோது அது அந்தப் பல்கலைக்கழகத்தின் 257 ஆண்டு வரலாற்றில் அவர்களின் முதல் வேலைநிறுத்தம். மூன்று சங்கங்கள் ஒன்றாக இறங்கின. மக்கள் தேர்ந்தெடுத்த மாநில அரசுத் தலைவரான ஆளுநர் இரு தரப்பையும் தலைநகரில் உட்கார வைத்தார். ஐந்து நாளில் அடிப்படை உடன்பாடு வந்தது.

கையெழுத்துக்குப் பிறகு

பேச்சுக் குழு கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அது தற்காலிக உடன்பாடு. உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்க வேண்டும், மற்றப் பக்கம் அறங்காவலர் குழு ஏற்க வேண்டும். உறுப்பினர்கள் நிராகரித்த கதையும் உண்டு. 2023-ல் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது ஒரு தற்காலிக உடன்பாடு வந்தது. வாக்களித்தவர்களில் 92% பேர் வேண்டாம் என்றார்கள். நிர்வாகம் அவர்களின் கல்விக் கட்டணச் சலுகையையும் காப்பீட்டையும் எடுத்துவிட்டிருந்த நேரம் அது. மேலும் சில வாரம் தாக்குப்பிடித்து, மார்ச்சில் வேறு உடன்பாட்டை ஏற்றார்கள்.

ஏற்றபின் ஒப்பந்தம் அமலுக்கு வரும். அது ஓடும் ஆண்டுகளில் வேலைநிறுத்தம் கூடாது என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும். அதற்கு ஈடாகத்தான் குறைதீர்ப்பு ஷரத்து. விதியை மீறி வகுப்பு ஒதுக்கினார்கள், பணிமூப்பைத் தாண்டினார்கள் என்றால் ஆசிரியர் எழுத்தில் புகார் கொடுக்கலாம். முதலில் துறைத்தலைவர் அல்லது டீன், அடுத்து மத்திய நிர்வாகம், கடைசியில் வெளி நடுவர். ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு. கெடு தவறினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் புகார் செல்லாமல் போகலாம். புதிதாக வேலையில் சேர்கிறவர் சம்பள அட்டவணைக்கு முன்னால் இந்த ஷரத்தைப் படித்து, கெடு எத்தனை நாள் என்று குறித்துக்கொள்வது நல்லது.

இந்தப் புகார்களைச் சங்கம் கோப்பில் சேர்த்துவைக்கும். எந்த ஷரத்தின் வாசகம் தெளிவில்லாமல் திரும்பத் திரும்பத் தகராறு தந்தது, எந்த வழக்கில் நடுவர் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்த பேச்சுக்கான முதல் வரைவை எழுத உட்காரும்போது அந்தக் கோப்பைத்தான் முதலில் திறக்கிறார்கள்.